நாலு ‘லாம்’ எழுதிய நோட்டு

உன் டிராயரை இன்றைக்குத்தான் காலி செய்தேன். திங்கட்கிழமை அந்த சீட்டுக்கு வேறு ஆள் வருகிறாராம். அட்மினிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதமாக யாரும் தொடாத டிராயர். இழுத்ததும் உன் தைல வாசனை வந்தது. உனக்கு எந்த மூடியையும் முழுசாகத் திருகத் தெரியாது. தண்ணீர் பாட்டிலாகட்டும், டிபன் பாக்ஸாகட்டும், எல்லாம் அரைத் திருகல்தான். தைல டப்பாவும் அப்படியேதான் இருந்தது. இப்படி ஒரு வாசனை வந்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்குத் தும்மல் வந்தது.

ஒரு ஸ்பூன், ஒரு அட்டை சேஃப்டி பின், ஏசிக் குளிருக்கு நீ போர்த்திக்கொள்ளும் சாம்பல் சால்வை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நீள நோட்டு. மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டேன். நோட்டை என் பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கொடுக்க மாட்டேன், உன் வீட்டுக்காரர் கேட்டாலும் சரி.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய நோட்டு அது. நாம் இருவரும் ட்ரெயினிங்கில் சேர்ந்தபோது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தோம். மற்றவர்கள் எல்லாம் காலேஜ் முடித்த கையோடு வந்தவர்கள். அவர்கள் நம்மை ஆன்ட்டி என்று கூப்பிடாமல் இருந்ததே பெரிய மரியாதை. நான் லிங்கராஜபுரத்துக்காரி, சர்ச் பாட்டுப் புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் என்னுடையது. நீ அல்சூரில் தமிழ் மீடியத்தில் படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேசச் சொன்னால் முதலில் சிரிப்பாய், அப்புறம்தான் பேசுவாய். வெளிநாட்டில் ஹோட்டல் ரூம் புக் செய்கிறவர்கள் அனுப்பும் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுவது வேலை. முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: கஸ்டமருக்கு முடியாது என்று சொல்லக் கூடாது, கட்டளை போடக் கூடாது, எதையும் நேராகக் கேட்கக் கூடாது.

நீ முதல் வாரமே ஒரு அம்மாவுக்கு, ரசீதை அனுப்பணும் என்ற அர்த்தத்தில் ‘யூ மஸ்ட்’ என்று எழுதிவிட்டாய். எனக்கு உத்தரவு போட நீ யார் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டாள். உனக்கு மரியாதைக்கான மார்க்கில் சைபர். கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். உனக்கோ கோபம்.

“நம்ம ஊர்ல ஒரு லாம் போதும்டீ ரெஜி. போலாம்னா போக முடியும், போக விடுவாங்க, போனாலும் போவேன், வா போவோம், எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. இவங்களுக்கு எதுக்கு நாலு?”

அன்று சாயந்திரமே நோட்டு வாங்கினாய். ‘நாலு லாம்’ என்று தலைப்புப் போட்டு கேன், குட், மே, மைட் என்று நாலு கட்டம் கட்டினாய். அகராதியைப் பார்த்தால் நாலுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான் இருந்தது. ஆகவே அர்த்தத்துக்குப் பதிலாக ஆளை எழுதினோம். கேன் உன் வீட்டுக்காரரின் ஆட்டோ, எங்கே என்றாலும் போகும். குட் அதே ஆட்டோ மழை நாளில், போகும், ஆனால் கொஞ்சம் தன்மையாகக் கேட்கவேண்டும். மே பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டர், அவர்கள் விட்டால்தான் உள்ளே. மைட்டுக்கு யாரைப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, நம் ஸ்டாப்பில் வருவதாகச் சொல்லப்படும் ஏசி பஸ்ஸைப் போட்டாய். வந்தாலும் வரும், வராவிட்டால் யாரையும் கேட்க முடியாது. அடுத்த பக்கத்தில் மஸ்ட் உன் ஈஜிபுரா வீட்டு ஓனர். ஹேவ் டு அவர் மனைவி. எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவரு சொல்றாரு, மாடியில இருந்து துணியை எடுத்துத்தான் ஆகணும் என்பாளே, அதே குரல். ஷுட்டுக்கு எங்கள் சர்ச் கொயர் மாஸ்டர். அவர் சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை ஒன்றும் கிடையாது, மனசு மட்டும் உறுத்தும்.

ட்ரெயினர் பார்த்துவிட்டு, இதில் பாதி தப்பு என்றார். தப்பாகவே இருக்கட்டும், அந்த பேட்ச்சில் வேலை நிரந்தரமானவர்களில் நாம் இருவரும் இருந்தோம். காலேஜ் பிள்ளைகளில் பாதிப் பேர் இல்லை.

அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆபீஸ் சாட்டில் நாம் எதையும் நேராகக் கேட்டுக்கொண்டதே இல்லை. பேனா வேண்டும் என்றால்கூட, தொந்தரவுக்கு மன்னிக்கவும், ஒரு பேனா கிடைக்க வாய்ப்பிருக்குமா என்று கஸ்டமர் இங்கிலீஷில் எழுதுவோம். யார் கேட்டாலும் மற்றவள் முதலில் அதைத் திருத்தவேண்டும், மார்க் போடவேண்டும், அதற்கப்புறம்தான் பதில். பதினோரு வருஷம் இது நின்றதே இல்லை. சண்டை போட்ட வாரத்தில்கூட மார்க் மட்டும் போட்டுக்கொண்டோம்.

வீட்டிலும் இது ஒட்டிக்கொண்டது. உன் வீட்டுக்காரரிடம், உங்களுக்கு வசதிப்பட்டா கீழ இருந்து ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வரலாம் என்று சொன்னாயாம். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்து, நான் இன்னா உன் கஸ்டமரா என்று கேட்டாராம். மறுநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நேராகக் கேட்கிற பழக்கமே நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அன்றைக்கு நம் இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். எங்கோ பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுபோன வாரம் அது. ரூமை ரத்து செய்யச் சொல்லி மெயில்கள் குவிந்துகொண்டிருந்தன. டீம் லீட் லீவில் இருந்ததால் அந்த வாரம் நான்தான் ஷிஃப்டைப் பார்த்துக்கொண்டேன். யாராவது பாதியில் கிளம்பவேண்டும் என்றால் நான் சிஸ்டத்தில் அனுமதி போட்டால்தான் வெளிக்கதவு திறக்கும். போன் எல்லாம் வெளியே லாக்கரில் இருக்கும். உள்ளே இருக்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றாலும் என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். நீ எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாய். காலையிலேயே இடது தோளில் தைலம் தேய்த்தாய். பை மாட்டி மாட்டித் தோள் போச்சுடீ என்றாய். நான் பையை மாற்றச் சொன்னேன்.

மத்தியானம் மூன்று மணி தாண்டி உன்னிடமிருந்து சாட் வந்தது. ‘மைட் ஐ பாசிப்ளி லீவ் எ லிட்டில் எர்லி டுடே, இஃப் இட் இஸ் நாட் டூ மச் ட்ரபிள்.’ அதிகத் தொந்தரவு இல்லையென்றால், ஒருவேளை, இன்று கொஞ்சம் முன்னால் கிளம்பலாமா என்று கேட்டிருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முன்னால் நாற்பது மெயில் நின்றது. வழக்கம் போல, மைட் போட்டுக் கேட்டால் மார்க் கிடையாது மேடம், கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டுப் பழகவும் என்று இங்கிலீஷில் தட்டிவிட்டேன். உன்னிடமிருந்து, ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று வந்தது. கஸ்டமருக்கு நாம் கடைசி வரியாகப் போடுவது அது. நீ இன்னொரு முறை கேட்பாய் என்று நினைத்தேன். எப்போதும் கேட்பாய். அன்று கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அப்புறம் நீ பதினொரு மெயில் எழுதியிருக்கிறாய். பின்னால் ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தப்பில்லை. யாரோ ஒருவருக்கு, உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறாய்.

ஷிஃப்ட் முடிந்து லாக்கர் பக்கம் போனவள், சாவியைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்தாய். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். நான் கூப்பிட்டேன். உன்னிடமிருந்து சத்தமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ட்யூட்டி டாக்டர் சின்ன வயசுப் பையன். மாரடைப்பு மத்தியானமே ஆரம்பித்திருக்கவேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னான், மஸ்ட் போட்டு. இந்த மஸ்ட் உன் வீட்டு ஓனர் இல்லையே, நடந்ததை ஊகித்துச் சொல்கிற வேறு மஸ்ட் ஆயிற்றே, நம் நோட்டில் இதற்கு ஆளே போடவில்லையே என்றுதான் அந்த நேரத்தில் எனக்கு ஓடியது. உன்னைப் பற்றி ஒன்றும் ஓடவில்லை. இவங்க ஏதாவது கஷ்டம் சொன்னாங்களா என்று அந்த டாக்டர் கேட்டான். நோ என்றேன்.

உன் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு வந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“ரெஜினாம்மா, உங்ககிட்ட எதுனா சொன்னாளா?”

“இல்லண்ணா. ஒண்ணும் சொல்லல.”

ஒரு முறை டாக்டரிடம் சொல்லியாயிற்று, இரண்டாம் முறை சுலபமாகவே வந்தது. ஆனால் அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் யோசிக்கவில்லை. அவருக்கு உன்மேல் கோபம் வந்துவிட்டது. மின்மயானத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம், வலிக்குதுன்னு ஒருத்தர்கிட்ட வாயத் தொறக்கலியே என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். உன் மகளிடமும், உங்கம்மாவுக்கு நம்ம யார் மேலயும் நம்பிக்கை இல்ல, அதான் சொல்லல என்றார். பக்கத்தில்தான் நின்றேன். நான் திருத்தவில்லை.

நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், நன்றாக இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். சாமியார் உன் பெயரைத் தப்பாக உச்சரித்தார், அதைக் கவனித்தேன். மற்றவர்கள் அழுதார்கள், டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் வாயில் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி நானே என்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன். தட்டுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

உன் சாட் மட்டும் என் ஸ்கிரீனில் இருந்தது. உன் பெயர், பக்கத்தில் சாம்பல் புள்ளி, கீழே அந்த மூன்று வரி. மாதக் கடைசியில் உன் கணக்கை அழித்துவிடுவார்கள் என்று ஐடி பிரிவில் சொன்னார்கள். அழிந்துபோனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் நான் சொன்னதுதான் உண்மை, நீ யாரிடமும் சொல்லாதவள் என்பதுதான் உண்மை. ஆயுசுக்கும் அந்த மனிதர் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே வளர்வாள். எனக்கு அது பயமாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கென்று இருந்த ஒரே உணர்ச்சி அதுதான். மூன்று வரியையும் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகும் நாலு நாள் கைப்பையிலேயே வைத்துச் சுற்றினேன்.

பத்தாம் நாள் போல ஈஜிபுராவுக்கு வந்தேன். மாடிப்படியில் தண்ணீர் டிரம்களைத் தாண்டித் தாண்டி ஏறினேன். உன் மகள் காலேஜ் பியூசி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டிலில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மறுபடியும் அதையேதான் ஆரம்பித்தார். ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல வண்டிய எடுத்துட்டு வந்திருப்பேன், கட்டுன புருஷன் ஆட்டோதானே ஓட்டறான், அவளுக்குச் சொல்லத் தோணலியே என்றார். நான் தாளை எடுத்து உன் மகளிடம் கொடுத்தேன். அம்மா அன்னைக்கு மத்தியானம் எனக்கு அனுப்பினது என்றேன்.

அவள் படித்தாள். நிமிர்ந்து, “இதுல என்ன ஆன்ட்டி, வீட்டுக்குப் போணும்னு கேட்டிருக்காங்க” என்றாள்.

பதினோரு வருஷம் நாம் அலசிய விஷயம். பதினேழு வயசுப் பெண்ணுக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நாங்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வோம், விளையாட்டு என்று நினைத்துவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் அனுமதி போட்டிருந்தால் கதவு திறந்திருக்கும் என்றேன். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கஸ்டமரிடம் பேசுகிற மாதிரியே சமமாக இருந்தது. அதுதான் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் திட்டவில்லை. “கேட்டிருக்கா” என்றார். மகளிடம் திரும்பி, “உங்கம்மா கேட்டிருக்கா பாரு” என்றார். என் முகத்தைப் பார்க்காமல், நீங்க கெளம்புங்க என்றார். நான் இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்குவதற்குள் அவர் அழுகிற சத்தம் கேட்டது. பத்து நாளாக அழாத மனிதர் வாய்விட்டு அழுதார். கூடவே உன் மகளும். டிரம்முக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லி உன் மகள்தான் மெசேஜ் போட்டாள். வரணும் என்று மட்டும் இருந்தது. போனேன். மாடியில் ஷாமியானா போட்டு, அதற்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசியில் உட்கார்ந்தேன். ஆம்பூரிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தாள். அந்த அம்மா உன்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“புருஷன்கிட்டதான் சொல்லல, கூட வேல செய்யறவங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அழுத்தக்காரி. எதையும் உள்ளயே வச்சுப்பா.”

உன் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காதில் விழுந்தது. வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். என்னை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவர் சொல்ல மாட்டார், நீ கேட்டது இங்கேயே அழிந்துபோகும் என்றுதான் தோன்றியது. எழுந்து நின்றேன்.

“அவ சொன்னா. எங்கிட்டதான் கேட்டா, வீட்டுக்குப் போறேன்னு. நாந்தான் அனுப்பல.”

அந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பந்தல் காலை விடாமல், என் பக்கம் பார்க்காமல், “ஆமா, கேட்டிருக்கா” என்றார். அதற்கப்புறம் அங்கே யாரும் உன்னை அழுத்தக்காரி என்று சொல்லவில்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், எப்படிக் கேட்பது என்று எனக்கே தெரியாது. உன் கணக்கை அழித்துவிட்டார்கள். ஆபீஸில் இப்போதெல்லாம் நான் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்வதில்லை, மறுத்துவிட்டேன். முடியாது என்ற வார்த்தையைத்தான் சொன்னேன், அவர்கள்தான் திடுக்கிட்டார்கள். உன்னைப் பற்றி யாராவது கேட்கிறார்கள், பஸ்ஸில், கேன்டீனில், சர்ச் வாசலில். ஒன்றுமே சொல்லவில்லையாமே என்று ஆரம்பிக்கிறார்கள். நிறுத்திச் சொல்கிறேன். அவள் கேட்டாள், நான் அனுப்பவில்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்க்காமல் சொல்ல முடிகிறது. அழத்தான் இன்னும் முடியவில்லை.